பீரோவின் ஓரத்தைப் பார்த்தீர்களா?

குமணன்சாவடியில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாமே! குன்றத்தூர் ரோடு பக்கம் புது ஃப்ளாட். ஹவுசிங் லோன் போட்டு வாங்கி, கையில் மிச்சம் இருந்த பணத்தில் பையனுக்கென்று ஒரு தனி அறை செய்தார்கள். சுவரோடு சுவராக அலமாரி, படிக்கிற மேஜை, கட்டில் எல்லாம் பளபள வெள்ளை நிறத்தில். பார்த்தவர்கள் எல்லாம் "ஓட்டல் ரூம் மாதிரி இருக்கு" என்றார்கள்.

பத்து நாள் ஆகியிருக்கும். பையனுக்குக் காலையில் எழுந்தால் கண் எரிச்சல், மூக்கில் தண்ணீர். ராத்திரியில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். சின்ன வயதில் இருந்த இழுப்பு திரும்பி விட்டதோ என்று அம்மா பதறிப் போய் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து விட்டு, மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல புதுசா ஏதாவது வந்திருக்காம்மா? பெயின்ட், நாய்க்குட்டி, மெத்தை, மரச்சாமான்..?"

"பர்னிச்சர்தான் டாக்டர். ஆனா எல்லாம் புத்தம் புதுசு. தூசியே கிடையாதே!"

"புதுசா இருக்கறதுதாம்மா சில சமயம் பிரச்னை. கொஞ்ச நாள் அவனை ஹால்ல படுக்க வைங்க."

மரச்சாமானுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுகிறதா? சம்பந்தம் இருக்கிறது. அதில் பெரிய பங்கு, நாம் யாருமே கவனிக்காத ஒரு இடத்துக்கு உண்டு. அதுதான் பலகையின் ஓரம். ஆசாரி "எட்ஜ் பேண்ட்" என்று சொல்லி ஒரு பட்டையை ஒட்டுவாரே, அதே இடம்தான்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

முன்பெல்லாம் பீரோ என்றால் தேக்கு, இல்லாவிட்டால் இரும்பு. இப்போது மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டி.வி. ஸ்டாண்டு, ஸ்டடி டேபிள் என்று வருபவற்றில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்., பிளைவுட் இந்த மூன்றில் ஒன்றுதான்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சீவல், மரத்தூள், சில இடங்களில் கரும்புச் சக்கை ஆகியவற்றைப் பசை போட்டு, சூட்டில் அழுத்திச் செய்வது. எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கி அதே மாதிரி அழுத்தியது. பிளைவுட்டில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். மூன்றுக்கும் உயிர்நாடி பசைதான். வீட்டுக்குள் வைக்கும் சாமான்களில் அதிகம் புழங்குவது யூரியா ஃபார்மால்டிஹைட் என்ற பசை. விலை குறைவு, நிறம் தெரியாது, சீக்கிரம் இறுகும்.

ஆனால் ஒரு குறை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கொண்டே இருக்கும். புதிதாக இருக்கும்போது அதிகம். மாதங்கள் போகப் போகக் குறையும். சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். சூட்டுக்கும் ஈரத்துக்கும் நம் சென்னையில் பஞ்சமா என்ன?

ஒரு ரஸ்க்கை எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் இறுகிப் போய் வழவழவென்று இருக்கும். உடைத்த பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். டீயில் எந்தப் பக்கம் முதலில் ஊறும்? உடைத்த பக்கம்தான்! பார்ட்டிகிள் போர்டும் அப்படியே. மேலும் கீழும் மைக்கா ஒட்டி மூடி விடுகிறார்கள். ரம்பம் போட்டு அறுத்த ஓரம் மட்டும் திறந்து கிடக்கிறது. வாயு வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். தண்ணீர் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம் உள்ள ஒரு அலமாரித் தட்டை எடுத்துக் கொள்வோம். மேலும் கீழும் சேர்த்துப் பரப்பு 8,100 சதுர செ.மீ. நான்கு ஓரங்களும் சேர்ந்து 486 சதுர செ.மீ.தான். மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கூட இல்லை. ஆனால் மேலும் கீழும் மூடிய பிறகு, மிச்சம் இருக்கிற வாசல் அந்த ஆறு பங்குதான். அதை மூடினால் காரியம் முடிந்தது. ஆனால் நம் ஊரில் பல நேரம் முன் ஓரத்தை மட்டும் மூடிவிட்டு, "பின்னாடி யார் பார்க்கப் போறாங்க?" என்று மற்ற மூன்றையும் விட்டு விடுகிறார்கள்.

அந்த வாயு என்ன செய்யும்?

புது பீரோவைத் திறந்தால் மூக்கைக் குத்துகிற ஒரு நெடி வருகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. கண் எரியும், நீர் வழியும், மூக்கும் தொண்டையும் கரகரக்கும், சிலருக்குத் தலை வலிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடலாம். சிலருக்குத் தோல் அரிப்பும் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் இதை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் சேர்த்தது. உடனே பயந்து பீரோவைத் தெருவில் போட்டு விடாதீர்கள்! அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம், தொழிற்சாலை போன்ற இடங்களில் வருஷக்கணக்கில் அதிக அளவு சுவாசித்தவர்களைப் பற்றிய ஆய்வுகள். வீட்டில் நமக்கு முதல் கவலை கண், மூக்கு, மூச்சு எரிச்சல்தான். வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வழிகாட்டியது. எந்த அரை மணி நேரத்தை எடுத்துக் கொண்டாலும் சராசரி இதைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் அடித்து வீடிழந்தவர்களுக்கு, அரசாங்கம் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. சின்ன இடம், உள்ளே முழுக்கப் பலகை வேலை, ஜன்னல் சாத்தியே இருக்கும். குடியேறியவர்கள் கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார் செய்தார்கள். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வீடுகளைச் சோதித்தது. சராசரி அளவு காற்றில் நூறு கோடிக்கு 77 பங்கு. இது ஏறக்குறைய உலக சுகாதார நிறுவனம் சொன்ன எல்லை. சராசரியே இப்படி என்றால்? சில வீடுகளில் 590 வரை போயிருந்தது! அத்தனையும் புயலுக்குத் தப்பி வந்த குடும்பங்கள்.

சின்ன அறை, நிறையப் பலகை, மூடிய ஜன்னல். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. ஏ.சி. போட்டு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைக்கும் நம் வீட்டுப் படுக்கை அறையும் கிட்டத்தட்ட அப்படித்தானே?

எந்தப் பட்டை நல்லது?

சரி, ஓரத்தை மூட வேண்டும். எதைக் கொண்டு?

*காகிதப் பட்டை:* பிசின் ஊறிய காகிதம். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாலே ஒட்டிக் கொள்ளும். விலை மலிவு. ஆனால் ஈரக்கை நாலு தடவை பட்டால் உரிந்து வரும். கைபடாத உள்தட்டுக்கு மட்டும் சரி.

*பி.வி.சி. பட்டை:* கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். 0.4 மி.மீ.யில் ஆரம்பித்து 0.8, 1, 2 மி.மீ. வரை கனம் உண்டு. தண்ணீர் உள்ளே விடாது. நிறங்கள் ஏராளம். ஒரே ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்ததும் கிடக்கும் துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமில வாயு வரும்.

*ஏ.பி.எஸ். பட்டை:* இதில் குளோரின் கிடையாது. உறுதியானது. விலை கொஞ்சம் கூடுதல். வசதி இருந்தால் படுக்கை அறைக்கும் குழந்தைகள் அறைக்கும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

*அக்ரிலிக் பட்டை:* கண்ணாடி மாதிரி மின்னும். பார்வைக்கு அழகு. கீறல் விழுந்தால் பளிச்சென்று தெரியும்.

*மைக்கா துண்டு:* மேலே ஒட்டிய மைக்காவிலேயே மெல்லிசாக அறுத்து ஓரத்தில் ஒட்டுவது. மலிவுதான், ஆனால் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். சில்லு பெயர்ந்தால் அந்த இடம் திறந்து விடும்.

*மர பீடிங்:* தேக்கு அல்லது வேறு நல்ல மரத்தைச் சட்டமாக இழைத்து ஓரத்தில் ஒட்டி ஆணி அடிப்பது. நம் ஆசாரிகளின் கை வந்த கலை. அடி பட்டாலும் தாங்கும். மறுபடி இழைத்துப் புதுசாக்கலாம். ஆனால் மேலே என்ன பாலிஷ் என்று கேளுங்கள். கடினமாக்கும் அமிலத்தைக் கலந்து அடிக்கிற மெலமைன் பாலிஷ் காயும்போது அதிலிருந்தும் இதே ஃபார்மால்டிஹைட் வரும். வாசலை மூடி ஜன்னலைத் திறந்த கதையாகி விடும்! பாலிஷ் நன்றாகக் காய்ந்து நெடி போகும் வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

எந்தக் கனம் வாங்குவது? கை படும், அடி படும் கதவு ஓரங்களுக்கு 2 மி.மீ. அதை லேசாக உருட்டி விட்டால் குழந்தை மோதினாலும் கிழிக்காது. உள்தட்டு, பின் ஓரம், அடி ஓரத்துக்கு 0.8 போதும். 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டை ஒட்டி, மிஞ்சுவதை இரண்டு பக்கமும் சீவி எடுப்பது வழக்கம்.

பசையில் இருக்கிறது பாதி விஷயம்

எத்தனை நல்ல பட்டையாக இருந்தாலும் ஒட்டுகிற பசை சரியில்லை என்றால் ஒரே வருஷத்தில் நாக்கை நீட்டும்.

மெஷினில் ஒட்டும்போது பசையைச் சுமார் 180 முதல் 200 டிகிரி வரை உருக்கி, பட்டையை அழுத்துவார்கள். சாதாரணமாகப் பயன்படுவது இ.வி.ஏ. பசை. அறைக்குள் இருக்கும் சாமானுக்கு அது போதும். ஆனால் சூட்டில் இளகும் குணம் அதற்கு உண்டு. அடுப்புக்குப் பக்கம், மேற்கு வெயில் விழும் ஜன்னல் பக்கம், சிங்க் அடியில் என்றால் பி.யு.ஆர். பசையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு தடவை இறுகினால் சூட்டுக்கும் தண்ணீருக்கும் எளிதில் அசையாது.

வீட்டிலேயே கையால் ஒட்டும்போது ஆசாரி தடவும் மஞ்சள் நிற ரப்பர் பசையில் கரைப்பான் ஆவி அதிகம். தலை சுற்றும். தீயும் பிடிக்கும். அந்த வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். நாள் முழுக்க அந்த ஆவியிலேயே உட்கார்ந்திருக்கும் ஆசாரியும் மனுஷர்தானே? அவருக்கும் காற்று வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை

"அண்ணே, நாலு ஓரமும் மூடணும். சுவரு பக்கம், தரைப் பக்கம் எதையும் விடக் கூடாது." இந்த ஒரு வாக்கியம்தான் முக்கியம். "செலவு கூடும்மா" என்பார். எவ்வளவு என்று அடிக்கணக்கில் கேளுங்கள். நாம் மேலே பார்த்த தட்டுக்கு முன் ஓரம் மட்டும் என்றால் மூன்று அடி. நான்கு ஓரமும் என்றால் ஒன்பது அடி. உள் ஓரங்களுக்கு மெல்லிய பட்டை போட்டால் நினைத்த அளவு செலவு ஏறாது.

அடுத்தது, ஓட்டைகள். கீல் பொருத்த, ஒயர் விட, சிங்க் குழாய் விடப் பலகையைக் குடைவார்கள். அந்த வெட்டுவாய்க்கும் வார்னிஷோ பெயின்ட்டோ அடித்து, குழாயைச் சுற்றி சிலிகான் பூசச் சொல்லுங்கள்.

பலகை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, ஈ-1 அல்லது ஈ-0 ரகமா என்று பாருங்கள். வாயுக் கசிவு குறைந்த ரகம் என்று அர்த்தம். வாய் வார்த்தையாக இல்லாமல், பலகையில் அச்சடித்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஈ-1 என்றாலும் பத்துக்குப் பத்து அறையில் நாலு சுவரையும் பலகையால் நிரப்பினால் எல்லாம் சேர்ந்து கூடத்தான் செய்யும். தேவையானதை மட்டும் செய்யுங்கள். தொட்டிலுக்கும் கைக்குழந்தையின் கட்டிலுக்கும் முழு மரமோ இரும்போதான் நிம்மதி. பல் முளைக்கும் வயதில் கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்குமே!

ரெடிமேடாக வாங்கினால்? கடையில் வெட்கப்படாமல் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிப் பின்பக்கம் பாருங்கள். டிராயரை வெளியே இழுத்து அடியில் விரலை ஓட்டுங்கள். மரத்தூள் விரலில் ஒட்டினால் அங்கே பட்டை இல்லை. முன் ஓரத்தில் நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியாச்சா?

கவலையை விடுங்கள். அந்தக் குமணன்சாவடி வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? பையனை ஹாலில் படுக்க வைத்தார்கள். ஆசாரியை வரவழைத்து மேஜையைத் திருப்பினால், பின் ஓரம், அடி ஓரம், தட்டுகளின் பக்கவாட்டு எல்லாம் மொட்டையாக இருந்தன. "எல்லா வீட்லயும் இப்படித்தாங்க செய்றோம்" என்றார் அவர். பொய் இல்லை. யாரும் அவரிடம் வேறு மாதிரி கேட்டதில்லை! கழற்ற முடிந்ததைக் கழற்றிப் பட்டை ஒட்டினார். முடியாத இடத்தில் இரண்டு கை வார்னிஷ் அடித்தார். அலமாரிக் கதவுகளையும் டிராயர்களையும் திறந்து போட்டு, பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து ஃபேன் ஓட விட்டார்கள். சில வாரம் கழித்துத்தான் பையன் அறைக்குத் திரும்பினான். இழுப்பு தணிந்தது. "அலமாரி மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். புதுப் பெயின்ட், தூசு எல்லாம் சேர்ந்திருக்கலாம். இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

நீங்களும் அதையே செய்யலாம். நெடி தெரியாமல் இருக்க ரூம் ஸ்ப்ரே, சாம்பிராணி, ஊதுபத்தி என்று போகாதீர்கள். ஊதுபத்தி, சிகரெட் புகையிலும் இதே வாயு உண்டு. "மணி பிளான்ட் வெச்சா எல்லாத்தையும் உறிஞ்சிடுமாமே?" என்று கேட்பீர்கள். 1989-ல் நாசா செய்த ஒரு ஆய்வை வைத்துப் பரவிய பேச்சு அது. அந்தச் சோதனை மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. காற்று வந்து போகும் வீட்டு அறையில் நாலைந்து தொட்டிகளால் பெரிய பயன் இல்லை. செடி அழகுக்கு இருக்கட்டும். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

வீட்டில் இருக்கும்போது கண் எரிச்சலும் இருமலும் வந்து, ஊருக்குப் போனால் குறைகிறது என்றால் அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் தவித்தால், குறிப்பு எழுதிக் கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி!

மழை வரும் முன்...

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையும் யாருக்கு மறக்கும்? அந்த நாட்களில் சென்னையில் தண்ணீர் புகுந்த எத்தனையோ வீடுகளில் பார்ட்டிகிள் போர்டு சாமான்கள் ஊறிய ரஸ்க்காகிப் போயின. ஒரு தடவை உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. உள்ளே பூஞ்சைக்காளான் பிடிக்கும். அந்தப் பொடியும் இழுப்புக்காரர்களுக்கு எதிரி. காய வைத்துப் பெயின்ட் அடித்து ஏமாற்றிக் கொள்ளாமல் அப்புறப்படுத்துவதே நல்லது.

வெள்ளம்தான் வர வேண்டும் என்பதில்லை. தினமும் வீடு துடைக்கிற ஈரத்துணி போதும். சமையலறையில் அடிப்பலகை தரையில் உட்காராமல் நாலு அங்குல பிளாஸ்டிக் கால் வைக்கச் சொல்லுங்கள். சிங்க் அடியில் பார்ட்டிகிள் போர்டைத் தவிர்த்து, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் போடுங்கள். ஓரத்தில் பட்டை விரிந்திருந்தால் அன்றைக்கே ஒட்டி விடுங்கள். அந்த இடுக்கு கரப்பான்பூச்சிக்கும் வாடகை இல்லாத வீடு!

இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்களேன். உங்கள் குழந்தை படிக்கிற மேஜைக்கு அடியில் குனிந்து, பின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சந்தோஷம். சொரசொரவென்று மரத்தூள் கையோடு வந்தால், நாளைக்கே ஆசாரிக்கு ஒரு போன் போடுங்கள்.